கவாத்தை விரட்டிய அம்மையார்

லண்டன் நகரம். கிழக்குப் பகுதி. புகை படிந்த செங்கல் கட்டடம் ஒன்று. அது ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

அதற்கு மைதானம் கிடையாது. நான்கு சுவர்களுக்கு நடுவே ஒரு முற்றம்தான் உண்டு. அங்கே சிறுவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சிலருக்குக் காலையில் சாப்பாடு இல்லை. சிலருக்குக் காலில் செருப்பு இல்லை. எதிரே விறைப்பாக நிற்கிறார் ஒருவர். பட்டாளத்துச் சார்ஜண்டு அவர். நில் என்றால் நிற்க வேண்டும். திரும்பு என்றால் திரும்ப வேண்டும். இடது கால், வலது கால், இடது கால், வலது கால்!

இதுதான் தேகப்பயிற்சி வகுப்பு.

சிறுமிகள் எங்கே? அவர்கள் உள்ளே குனிந்து உட்கார்ந்து துணி தைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கவாத்தும் இல்லை, விளையாட்டும் இல்லை.

1870-களில் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகள் பல இப்படித்தான் இருந்தன. இந்த நிலைமையை மாற்ற வந்தார் ஒரு பெண்மணி. அவர் இங்கிலாந்துக்காரர் அல்ல. சுவீடன் தேசத்துக் குடியானவரின் மகள். பெயர் மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க்.

6 பென்ஸ் கூலி

அவருடைய கதையைச் சொல்லுமுன், அந்தச் சார்ஜண்டு பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

1870-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஊர்தோறும் ஆரம்பப் பள்ளிகள் வேண்டும், அவற்றை நடத்தப் பள்ளிக்கூட போர்டுகள் வேண்டும் என்றது அந்தச் சட்டம். மறு ஆண்டு, 1871-ல், ஒரு விதி வந்தது. வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேற்படாமல், ஆண்டில் 20 வாரம் வரை கவாத்துப் பழகினால், அதையும் பள்ளிக்கு வந்த கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம் என்றது அது.

கவாத்துச் சொல்லித் தர ஆள் வேண்டுமே? யுத்த இலாகா கை கொடுத்தது. சார்ஜண்டுக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ் கூலி. நடந்து வருவதற்கு மைலுக்கு 1 பென்னி படி. மிகவும் மலிவான ஏற்பாடு!

பிள்ளைகளின் உடம்பு வளர வேண்டும் என்பது அல்ல நோக்கம். அவர்கள் அடங்கி நடக்க வேண்டும், சொன்னபடி கேட்க வேண்டும் என்பதே நோக்கம். நம் ஊரிலும் உடற்பயிற்சி ஆசிரியரை நெடுங்காலம் டிரில் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். டிரில் என்றால் கவாத்து.

குடியானவர் மகள்

மார்ட்டினா பிறந்தது 1849-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி. தென் சுவீடனில் ஸ்கோனே என்ற மாகாணம் இருக்கிறது. வயல்வெளிகள் நிறைந்த சமவெளி அது. அங்கே ஹம்மர்லுண்டா என்ற சிற்றூர்தான் அவருடைய சொந்த ஊர்.

படித்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் கிடைத்த வேலை ஒன்று உண்டு. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் வேலை அது. மார்ட்டினாவும் அதைச் செய்தார். பிறகு ஒரு பெரிய கலைக்களஞ்சியம் தயாரித்த இடத்தில் நூலகராக இருந்தார். இப்படியே காலம் ஓடியிருக்கலாம். ஆனால் 30 வயதை நெருங்கும்போது அவர் வேறு பாதையில் திரும்பினார்.

1879-ல் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இருந்த மத்திய உடற்பயிற்சிக் கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார்.

அந்தக் கழகத்தைத் தொடங்கியவர் பெயர் பெர் ஹென்ரிக் லிங். கத்திச் சண்டை ஆசிரியர், கவிஞரும்கூட. 1813-ல் அவர் அதை நிறுவினார். எந்த அசைவைச் செய்தாலும் அது உடம்பில் எந்த உறுப்புக்கு என்ன நன்மை செய்கிறது என்று கேட்க வேண்டும் என்பது லிங்கின் கொள்கை. விடை சொல்ல முடியாத அசைவை விட்டுவிட வேண்டும். அவருடைய விளக்கங்களை எல்லாம் பிற்கால விஞ்ஞானிகள் ஏற்றுக் கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது பெரிய கேள்வி!

இரண்டு ஆண்டுகள் மார்ட்டினா அங்கே படித்தார். எலும்பு, தசை, மூச்சு, இரத்த ஓட்டம் எல்லாம் பாடம்.

கடல் கடந்து

லண்டன் பள்ளிக்கூட போர்டுக்கு அப்போது ஒரு பெண் நிபுணர் தேவைப்பட்டார். சிறுமிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் தேகப்பயிற்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது வேலை. கன்கார்டியா லோஃவ்விங் என்ற மற்றொரு சுவீடன் பெண்மணி சிறிது காலம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு விலகியிருந்தார். அந்த இடத்துக்கு 1881-ல் மார்ட்டினா நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போது சுமார் 32 வயது.

வந்தவர் கண்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு வகுப்பில் அறுபது, எழுபது பிள்ளைகள். ஆசிரியைக்கு ஓயாத கவலை. ஏனென்றால் சர்க்கார் மானியம் அந்தக் காலத்தில் பரீட்சை முடிவைப் பொறுத்தது. இன்ஸ்பெக்டர் வருவார். வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். பிள்ளை தவறினால் பணம் குறையும். இந்த நிலையில் கையைத் தூக்கு, காலை நீட்டு என்று யார் நேரம் செலவிடுவார்கள்?

உடற்பயிற்சிக் கூடம் கிடையாது. சாமான்கள் கிடையாது. சொல்லித் தர வேண்டிய ஆசிரியைகளோ இறுக்கமான இடுப்புக் கச்சை கட்டி, தரை வரை தொங்கும் பாவாடை அணிந்தவர்கள். அவர்களால் நிமிர்ந்து மூச்சு விடுவதே கடினம்!

மார்ட்டினா சளைக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பு

பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியைகளுக்குப் பழக்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். பள்ளி இல்லாத நேரங்களில் ஆசிரியைகளுக்கு வகுப்பு நடத்தினார். சுமார் ஆறு ஏழு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியைகள் அவரிடம் பயின்றார்கள். லண்டனின் பல பள்ளிகளில் லிங்கின் முறை நுழைந்தது.

அந்தப் பாடம் எப்படி இருந்தது?

சாமான் எதுவும் வேண்டாம். நிற்க இடம் இருந்தால் போதும். முதலில் எளிய அசைவு. குதிகாலை உயர்த்தி இறக்குவது போல. பிறகு கைகள். பிறகு முதுகு. ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது, பக்கவாட்டில் வளைவது, நடை, ஓட்டம், தாவல் என்று படிப்படியாக ஏறும். உச்சிக்குப் போன பிறகு மெல்ல இறங்கும். கடைசியில் நெஞ்சு விரிய மூச்சு வாங்கி விடுவதோடு முடியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பட்டியல், பத்து வயதுச் சிறுமிக்கு வேறு பட்டியல்.

நாள் முழுவதும் குனிந்து தைக்கும் பெண்ணின் முதுகு வளைந்து போகும். அதை நிமிர்த்த என்ன அசைவு வேண்டும் என்று இந்தப் பாடம் பார்த்தது. சார்ஜண்டின் பாடம் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு ஆறு வயதும் ஒன்றுதான், பதினாறு வயதும் ஒன்றுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மையாரின் வகுப்பிலும் பிள்ளைகள் வரிசையில்தான் நின்றார்கள். கட்டளைக்குத்தான் அசைந்தார்கள். குழந்தை தன் இஷ்டப்படி ஓடி ஆடுவதற்கு அதில் அதிக இடம் இல்லை. இன்று பார்த்தால் அதுவும் கொஞ்சம் வறட்சியான பாடம்தான். ஆனால் உடம்பைக் கருதிப் போட்ட பாடம்.

ஏழைப் பள்ளியை விட்டுப் போனார்

1885-ல் அம்மையார் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் சொந்தமாக ஒரு கல்லூரி தொடங்கினார். உடற்பயிற்சி ஆசிரியைகளாகப் பெண்களைத் தயார் செய்யும் கல்லூரி அது. முதலில் சேர்ந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே.

மறு ஆண்டு எட்வின் ஆஸ்டர்பெர்க் என்ற சுவீடன் ஆசிரியரை மணந்தார். கணவருக்கு வேலை சுவீடனில். மனைவிக்கு வேலை லண்டனில். இருவரும் பெரும்பாலும் கடலுக்கு இப்புறமும் அப்புறமுமாக வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் இது எத்தனை பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கும்!

1888-ல் அவர் பள்ளிக்கூட போர்டு வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய வாழ்க்கையில் நம்மைக் கொஞ்சம் நிற்க வைக்கும் இடம் இது. ஏழைப் பிள்ளைகளுக்காக வந்தவர் ஏழைப் பள்ளியை விட்டுப் போனார். அவருடைய கல்லூரியில் சேர்ந்தவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். படித்து முடித்து அவர்கள் போனதும் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்குத்தான். நல்ல சாப்பாடு, நல்ல காற்று, சிறிய வகுப்பு உள்ள இடத்தில் பயிற்சியின் பலன் உடனே தெரியும். பட்டினி கிடக்கும் பிள்ளையிடம் அது தெரியாது. அம்மையார் பலன் தெரியும் இடத்துக்குப் போனார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆரோக்கியமான தாய்மார்கள் வந்தால் இனமே உயரும் என்றும் அவர் நம்பினார். இனத்தை உயர்த்துவது என்ற பேச்சு அன்றைய ஐரோப்பாவில் சாதாரணம். அந்தப் பேச்சு எத்தனை கொடுமைகளில் போய் முடிந்தது என்பதை 20-ம் நூற்றாண்டு காட்டியது. அம்மையாரைப் புகழும்போது இதையும் நினைவில் வைத்துக் கொள்வதே நியாயம்.

குப்பைக் கூடையில் பந்து

1895-ல் கல்லூரி கென்ட் மாகாணத்தில் டார்ட்ஃபோர்டு என்ற ஊருக்கு மாறியது. பெரிய வீடு. சுற்றிலும் பரந்த தோட்டம், மைதானம். இரண்டு ஆண்டுப் படிப்பு. உடற்கூறு, சுகாதாரம், உடம்பு பிடித்து விடும் வைத்தியம், ஹாக்கி, கிரிக்கெட், டென்னிஸ் எல்லாம் உண்டு.

எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தார்கள். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. தகுதி இல்லை என்று கண்டால் படிப்பின் நடுவிலேயே மாணவியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இடுப்புக் கச்சையை அவர் விரட்டினார். மாணவி மேரி டெய்ட் ஓர் உடை கண்டுபிடித்தார். முழங்கால் அளவுள்ள, கையில்லாத, மடிப்பு வைத்த தளர்ந்த அங்கி. உள்ளே சட்டை. ஜிம்ஸ்லிப் என்று பெயர் பெற்ற அந்த உடை பிறகு இங்கிலாந்தின் பள்ளிச் சிறுமிகளின் சீருடையாகவே ஆகிவிட்டது. நம் நாட்டுக் கான்வென்ட் பள்ளிச் சீருடையிலும் அதன் சாயல் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1890-களில் அமெரிக்காவிலிருந்து கூடைப்பந்து ஆட்டம் வந்து சேர்ந்தது. வளையம் ஏது? சுவரில் காகிதக் குப்பைக் கூடையை மாட்டி மாணவிகள் ஆடினார்கள்! பிறகு வெளியே புல்தரையில் ஆடினார்கள். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார்கள். விதிகளைத் திருத்தினார்கள். 1901-ல் அந்த விதிகள் அச்சாகி வந்தன. இன்று பல நாடுகளில் பெண்கள் ஆடும் நெட்பால் இப்படி உருவான ஆட்டம்தான்.

சார்ஜண்டு திரும்பி வந்தார்

1899-ல் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. பட்டாளத்தில் சேர இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலிருந்து வாலிபர்கள் வந்தார்கள். டாக்டர்கள் சோதித்தார்கள். சோதித்தவர்கள் திகைத்துப் போனார்கள். மான்செஸ்டர் நகரில் வந்தவர்களில் பெரும்பாலோர் உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சொத்தைப் பல், கூனல் முதுகு, ஒடுங்கிய நெஞ்சு!

நாடே பதறியது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் உடம்பைக் கவனிக்காமல் விட்டதன் பலன் இது என்று பலரும் சொன்னார்கள். அது சரிதான். ஆனால் அதற்குக் கண்ட மருந்துதான் தவறு.

1902-ல் கல்வி போர்டு, யுத்த இலாகாவைக் கலந்துகொண்டு, ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அதன் பின்னால் இருந்தவர் பட்டாளத்து உடற்பயிற்சித் துறையில் இருந்த கர்னல் ஃபாக்ஸ். பாடத்திட்டம் பட்டாளத்துப் புத்தகத்தின் மறுபதிப்பு போலவே இருந்தது. சிறுவனுக்கும் அதுதான், சிறுமிக்கும் அதுதான். ஏழு வயதுக்கும் அதுதான், பன்னிரண்டு வயதுக்கும் அதுதான். சொல்லித் தரவும் மறுபடி சார்ஜண்டுகளே வந்தார்கள்.

இருபது ஆண்டு உழைப்பு வீணாகிவிடும் போலிருந்தது.

எதிர்த்து எழுந்தவர்கள் யார்? அதில்தான் சுவாரசியம். அம்மையாரின் பழைய மாணவிகள் 1899-ல் லிங் சங்கம் என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அம்மையாருக்கு அது பிடிக்கவே இல்லை. தம்மைக் கேளாமல் மாணவிகள் சங்கம் வைப்பதா என்ற வருத்தம். அவர் அதில் சேரவில்லை. தம் கல்லூரிப் பெண்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் ஏற்படுத்தினார். தாயும் மகள்களும் முகம் கொடுத்துப் பேசாத குடும்பம் போல இருந்தது நிலைமை.

ஆனால் அவர் கற்பித்த கேள்வியை மாணவிகள் மறக்கவில்லை. இந்த அசைவு குழந்தைக்கு என்ன நன்மை செய்கிறது? கர்னலின் பாடத்திட்டத்தில் அதற்கு விடை இல்லை. லிங் சங்கம் கடுமையாக ஆட்சேபித்தது. பிள்ளைகளைப் பட்டாளத்துக்குத் தயார் செய்வதா என்று தொழிலாளர் தரப்பிலும் ஆசிரியர்கள் தரப்பிலும் குரல் எழும்பியது.

சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. பாடத்திட்டத்தை வரி வரியாகப் பரிசீலிப்பதே குழுவின் வேலை. 1904-ல் குழு தன் முடிவைச் சொன்னது. மாதிரிப் பாடத்திட்டம் குழந்தைகளின் வயதுக்கும் வளர்ச்சிக்கும் பொருந்தாது என்பதே முடிவு. அது கைவிடப்பட்டது. புதிய பாடத்திட்டம் வந்தது. இரண்டே ஆண்டில் சார்ஜண்டு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

முதலில் சோறு

இதில் இன்னொரு பாடமும் வெளிப்பட்டது. பசித்த பிள்ளையை எத்தனை முறை குனிந்து நிமிரச் சொன்னாலும் சதை ஏறாது. 1906-ல் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க அனுமதிக்கும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது. 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை வந்தது. கல்வி போர்டின் தலைமை வைத்திய அதிகாரியாக ஜார்ஜ் நியூமன் வந்தார். தேகப்பயிற்சியும் வைத்திய அதிகாரியின் பார்வைக்குள் சேர்ந்தது. பட்டாளத்தின் கையிலிருந்து டாக்டரின் கைக்கு மாறியது!

1909-ல் வெளியான பாடத்திட்டம் லிங்கின் முறையைத் தழுவியது. நாடு முழுவதும் உள்ள ஆரம்பப் பள்ளிகளுக்கு அதுவே வழிகாட்டி. அம்மையார் விட்டுப் போன ஏழைப் பள்ளிக்கு அவருடைய பாடம் இருபது ஆண்டு கழித்து, வேறு வழியாக வந்து சேர்ந்தது.

அம்மையாருக்கு அப்போது வயது 60. தாய்நாட்டுப் பெண்கள் இயக்கத்துக்குப் பண உதவி செய்து வந்தார். வாக்குரிமை பெண்களுக்கும் வேண்டும் என்பது அவர் உறுதி. கல்லூரியைத் தம் சொந்தச் சொத்தாக வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1915-ல் அதை ஒரு டிரஸ்டிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு ஜூலை 29-ந் தேதி காலமானார். ஐரோப்பாவில் அப்போது முதல் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது.

சுவீடன் பெண்கள் முதன்முதலாகப் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டுப் போட்டது 1921-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

வரிசை கலைந்தது

அவருடைய ஆரம்ப கால ஆசிரியை வகுப்பில் ஓர் இளம் பெண் இருந்தார். லண்டன் ஆரம்பப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லித் தந்தவர். பெயர் மார்கரெட் ஸ்டான்ஸ்ஃபீல்டு. பிறகு ஹாம்ப்ஸ்டெட் கல்லூரியிலும் சேர்ந்து படித்தார். 1903-ல் பெட்ஃபோர்டு நகரில் தாமே ஒரு கல்லூரி தொடங்கினார். 1951-ல் காலமாகும் வரை உடற்பயிற்சி உலகில் அவருக்குப் பெரும் மதிப்பு இருந்தது.

அந்த ஆண்டுகளில் பாடத்திட்டமும் சும்மா இருக்கவில்லை. 1919-ல் திருத்தப்பட்டபோது சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டும் நடனமும் நிறையச் சேர்ந்தன. 1933-ல் மறுபடி விரிந்தது. ஆனாலும் அன்றாட அசைவுகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் பழக்கம் போகவில்லை.

1952-லும் 1953-லும் கல்வி மந்திரி இலாகா ஆரம்பப் பள்ளிகளுக்காக இரண்டு புத்தகங்கள் வெளியிட்டது. பழைய பட்டியலும் கட்டளையும் அவற்றில் பின்னுக்குப் போய்விட்டன. ஏணி, கயிறு, பெஞ்சு, பந்து எல்லாம் போட்டு வைத்து, குழந்தை தானே ஏறிப் பார்க்கட்டும், தானே தாவிப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். சார்ஜண்டின் வரிசையும் இல்லை. மேடத்தின் வரிசையும் இல்லை. கூடம் முழுவதும் ஒரே சத்தம்!